மூன்றே மாதம் என்று சொன்ன கிராணி

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு ஏரம்பமூர்த்தியை நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணியாகச் சேர்ந்து, இருபத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலையிலேயே ஊறிப்போனவர். தெருக்கூட்டுகிறவர்களும் சாக்கடை வெட்டுகிறவர்களும் ஊருக்குக் கடிதம் எழுதவும் லீவுக்கு மனுப் போடவும் ஓவன் ரோட்டில் இருந்த அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். எழுதிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, "இதானே நீ சொன்னது?" என்று கேட்ட பிறகுதான் உறையை ஒட்டுவார். அதனால் கிராணி ஐயா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு அந்த வட்டாரத்தில் இருந்தது.

அவருக்கும் மனைவி பூரணத்துக்கும் பிள்ளைகள் இல்லை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் தனித்து நின்ற ஒன்பது வயதுத் தங்கை கமலாம்பிகையை வரவழைத்து மகளாகவே வளர்த்தார்கள். அவரைவிட இருபது வயது இளையவள். படிப்பில் கெட்டிக்காரி. பெண்பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்புவதா என்று கோயிலில் நாலு பேர் முணுமுணுத்ததைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டு, அவளை மூன்று வருஷம் காலேஜில் படிக்க வைத்தார். 1941இல் அவள் பட்டயம் வாங்கினாள்.

முடிவு தெரிந்த அன்றைக்கு அவள் ஒன்று கேட்டாள்.

"அண்ணை, உழைக்கப் போக முன்னம் எனக்கு ஒரு வருஷம் தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"லயத்தில இருக்கிற கூலிச் சனங்களுக்குப் படிப்பிக்கப் போறன். சம்பளம் ஒருத்தரிட்டையும் வாங்கமாட்டன். ஒரே ஒரு வருஷம். அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுற வேலைக்குப் போறன்."

"சம்பளம் இல்லாட்டி உனக்கு ஆர் சோறு போடுறது?"

"நீங்கள்தான்" என்றாள் அவள், வேறு யாரும் இருக்க முடியாது என்பதுபோல.

ஏரம்பமூர்த்தி சிரித்தார். உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அவளுடைய சாப்பாடு, பஸ் காசு, பிள்ளைகளுக்குச் சிலேட்டு என்று அந்த ஒரு வருஷத்துச் செலவு முழுவதும் தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அதை ஏழெட்டுப் பேரிடமாவது சொன்னார். தை மாதம் தொடங்குவதாக இருந்தது. மார்கழியில் சிங்கப்பூரின்மேல் குண்டு விழுந்தது.

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷம் உயிரோடு இருப்பதே பெரும்பாடாகப் போனது. அலுவலகம் திரும்பத் திறந்தபோது ஏரம்பமூர்த்தியின் மேசை அதே இடத்தில் இருந்தது. மேலதிகாரி மட்டும் மாறியிருந்தான். சம்பளம் வாழைமரம் அச்சடித்த நோட்டாக வந்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனால் திரும்பும்போது பையில் பாதிக்குமேல் காற்றுத்தான் இருக்கும். வீட்டில் ஒரு வேளை சோறு, இரண்டு வேளை மரவள்ளிக்கிழங்கு.

1943 தொடக்கத்தில் ஒருநாள் கமலாம்பிகை அந்தப் பழைய வாக்கை நினைவுபடுத்தினாள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் லயம் இருந்தது. நீளமான தகரக் கூரை, அதன்கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அங்கே குண்டில் புருஷனை இழந்த பெண்கள் இருந்தார்கள், சொறியும் சிரங்குமாகப் பிள்ளைகள் இருந்தார்கள். சண்டை நடந்த நாட்களில் காயக்காரர்களுக்குக் கட்டுப் போடப் பழகியிருந்தவள் அவள்.

"இப்ப சிலேட்டு வேண்டாம் அண்ணை. ஒரு வேளைக் கஞ்சியும் கொஞ்ச மருந்தும் இருந்தாப் போதும். படிப்பு அதுக்குப் பிறகு."

பூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாங்களே கிழங்கு திண்டுகொண்டு கிடக்கிறம். ஊருக்குக் கஞ்சி வார்க்கப் போறியோ?"

"சொன்ன சொல்லுச் சொன்னதுதான்" என்றார் ஏரம்பமூர்த்தி. சொல்லிவிட்டாரே தவிர, எங்கிருந்து கொண்டுவருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே வழி திறந்தது. சயாம் தேசத்தில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தை மாதத்தில் முதல் கூட்டம் போயிருந்தது. இப்போது பெயர் பதிவதற்கென்றே தனியாக ஒரு பகுதி திறந்தார்கள். மேலதிகாரி அலுவலகத்துக் கிராணிகளை வரிசையாக நிறுத்தி, மொழிபெயர்ப்பாளன் மூலம் விஷயத்தைச் சொன்னான். பதிவுக் கிராணிக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி, சீனி, சவர்க்காரம், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை. ஆள் எண்ணிக்கை குறைந்தால் அரிசியும் குறையும். ஒருவர் கண் சரியில்லை என்றார், ஒருவர் இருமிக் காட்டினார். அதிகாரி ஏரம்பமூர்த்தியின் முன் வந்து நின்றான்.

"தமிழ்த் தொழிலாளர்கள் இவரை நம்புகிறார்களாம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

ஏரம்பமூர்த்தி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பின்னாளில் அவர் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தார். மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்ற பயம் இருந்தது உண்மை. தங்கைக்குக் கொடுத்த வாக்கு கண்முன் வந்ததும் உண்மை. கோயிலில் பெருமையடித்துக்கொண்டவன் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதற்குள் இருந்தது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரை பிறந்ததும் கமலாம்பிகை லயத்துக்குப் போகத் தொடங்கினாள். காலையில் ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி. பத்து மணிக்குச் சிரங்கு கழுவி மருந்து. மத்தியானம் பிள்ளைகளுக்குப் படிப்பு, மாலையில் வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கும் படிப்பு. கரித்துண்டால் சிமெண்டுத் தரையிலேயே எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். லயத்தார் அவளை டீச்சரம்மா என்று கூப்பிட்டார்கள். கஞ்சி அண்டாவைப் பார்த்துக்கொண்டவள் தங்கம் என்ற பெண். அவள் புருஷன் மருதப்பன் தெருக்கூட்டுகிறவன். வாயைத் திறந்தால் வேடிக்கைதான். வேலைக்குப் போகுமுன் கஞ்சிக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் அவனே தூக்கி ஊற்றிவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரம்பமூர்த்தி சைக்கிளின் பின்னால் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு லயத்துக்குப் போவார். பெண்கள் எழுந்து நிற்பார்கள். "அண்ணனும் தங்கச்சியும் நல்லாயிருக்கணும்" என்று கிழவிகள் கும்பிடுவார்கள். முதல் இரண்டு மாதம் அந்தக் கும்பிடு அவருக்கு இனித்தது.

பிறகு கசந்தது. தை மாதத்தில் போன முதல் கூட்டத்துக்குச் சொன்ன தவணை மூன்று மாதம். சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் போனது. ஒரு ஆள் திரும்பவில்லை, ஒரு கடிதம் இல்லை. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் ஒருவர் ஒருநாள் தேநீர்க் கடையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆக்களை ஏத்திக்கொண்டு போற பெட்டி எல்லாம் வெறும் பெட்டியாத்தான் திரும்பி வருது. அங்க கொள்ளைநோயாம். நீர் கவனமா இரும்." ஏரம்பமூர்த்தி தேநீரைக் குடித்து முடித்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று பயந்தார். ஆனால் கேட்காமலே தெரிந்துவிட்டது.

ஆடி மாதம் ஆள் குறைந்தது. வாரக் கடைசிக்குள் எண்ணிக்கை நிறையாவிட்டால் என்ன ஆகும் என்று அதிகாரி மேசையைத் தட்டிவிட்டுப் போயிருந்தான். அன்று காலை அலுவலக வாசலில் லயத்து ஆட்கள் பதினொரு பேர் வந்து நின்றார்கள். தினம் ஒரு வெள்ளி கூலி, வீட்டுக்குத் தனியாகப் பணம் என்று தெருமுனையில் ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு வந்தவர்கள். முன்னால் நின்றவன் மருதப்பன்.

"ஐயா, மூணு மாசம்தானாமே? நெசந்தானா?"

பின்னால் நின்ற பத்துப் பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். போகாதே என்று சொல்ல அவருக்குச் சத்தம்கூடத் தேவையில்லை. கண்ணைக் காட்டியிருந்தாலே மருதப்பன் புரிந்துகொண்டிருப்பான். அவ்வளவு பழக்கம். அதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. ஏரம்பமூர்த்தி பதிவேட்டைப் பிரித்தார்.

"மூணு மாசம்தான்" என்றார்.

"அப்ப சரி. நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன லா." மருதப்பன் திரும்பி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். பெருவிரலுக்கு மை தடவ ஏரம்பமூர்த்தி டப்பாவைத் திறந்தபோது அவன் தடுத்தான். "கைநாட்டு வேணாங்கய்யா. டீச்சரம்மா கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்திருக்காங்க. பேனாவக் குடுங்க." நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பதிவேட்டில் தன் பெயரை எழுதினான். ப்-க்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தான்.

எண்ணிக்கை நிறைந்தது. அந்த மாத மூட்டை குறையாமல் வந்தது.

"அண்ணை, இந்த மாசம் பிள்ளையளுக்குக் கஞ்சி நல்ல கட்டியாக் குடுத்தன்" என்றாள் கமலாம்பிகை ராச்சாப்பாட்டின்போது. அவர் தலை நிமிராமல் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் கிராணியாக இருந்து ஆள் பதிகிறார் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் திரும்பும் வேலை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். மூட்டை ஆள் கணக்குக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. பழைய கிராணி என்ற மரியாதைக்குக் கொடுக்கிறார்கள் என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசி வந்ததும் தங்கம் கேட்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"கடுதாசி ஏதாச்சும் வந்துச்சாங்கய்யா?"

"சண்டை நேரம். ரயில்ல தபாலுக்கு எடமில்லயாம், தங்கம்." லயத்தாரோடு பேசும்போது இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அவர்கள் பேச்சே அவருக்கும் வந்துவிடும்.

"நல்லாத்தானே இருப்பாரு?"

"இருப்பான், இருப்பான்."

மார்கழிக்குப் பிறகு அவர் அரிசிப் பையை லயத்து முனையிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்பினார். வேலை அதிகம் என்றார். கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். சாமிக்கு முன் கண்ணை மூடினால் ஒரு புள்ளிதான் தெரிந்தது. மறந்துபோய்த் திரும்ப வந்து வைத்த புள்ளி.

1944 மார்ச் மாதம் ஒரு மத்தியானம், அந்தப் பதினொரு பேரில் ஒருவன் திரும்பி வந்தான். பெயர் கோவிந்தசாமி. ரயில் நிலையத்துக்கு வெளியே கிடந்தவனை யாரோ அடையாளம் கண்டு கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து லயத்தில் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலில் எலும்பு தெரிந்தது. கமலாம்பிகை உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிறு. முனையில் பை வாங்க ஆள் இல்லாததால் ஏரம்பமூர்த்தி பையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அறை வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"எட்டுப் பேரு செத்தத நானே கண்ணால பாத்தேன் டீச்சரம்மா" என்று கோவிந்தசாமி சொல்லிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "மருதப்பன் ரெண்டாவது மாசமே போயிட்டான். வயித்தால போயி. மூங்கில் பொதர்ல கொண்டு போட்டோம். பொதைக்க எங்களுக்குத் தெம்பில்ல."

தங்கம் அண்டாவின் பக்கத்தில் நின்றாள். அகப்பை கையில் இருந்தது. அவள் அழவில்லை. அகப்பையைக் கவனமாக மூடிமேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கமலாம்பிகை புண்ணைக் கழுவியபடியே கேட்டாள். "ஏன் போனீங்க கோவிந்தசாமி? ஒருத்தரும் கட்டாயப்படுத்தலயே?"

"கிராணி ஐயா மூணு மாசம்னாரு. டீச்சரம்மாவோட அண்ணன் பொய்யா சொல்லப்போறாருன்னுதான் போனோம்."

ஏரம்பமூர்த்தியின் தோளிலிருந்து பை இறங்கியது. சத்தம் கேட்டுப் பெண்கள் திரும்பினார்கள். கோவிந்தசாமி அவரைப் பார்த்து, படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டான். ஊர் வந்து சேர்ந்த சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது, வேறொன்றும் இல்லை. ஏரம்பமூர்த்தி பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். சைக்கிளில் ஏறத் தெரியவில்லை. வீடுவரை தள்ளிக்கொண்டே போனார்.

மாலையில் கமலாம்பிகை வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"முதல் போனவை திரும்பி வரேல்லை எண்டு, மருதப்பனை எழுதேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"தெரியும்."

"அந்த அரிசி?"

"ஆள் கணக்குக்குத் தந்தது. ஆள் குறைஞ்சா மூட்டை குறையும்."

கமலாம்பிகை தன் கைகளைப் பார்த்தாள். அவற்றில் இன்னும் புண்ணின் வாடை இருந்தது. பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "உனக்காகத்தானே பிள்ளை அவர்..."

"மச்சாள், அதை மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள் கமலாம்பிகை. குரல் உயரவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

விடிந்ததும் வழக்கம்போல லயத்துக்குப் புறப்பட்டாள். அதே அரிசியில்தான் கஞ்சி வைத்தாள். பிள்ளைகளின் வயிற்றுக்கு அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று தெரியாதே. ஆனால் அன்று முதல் அவள் வீட்டில் சோற்றைத் தொடவில்லை. கிழங்கு மட்டும் தின்றாள். பேச வேண்டியதைப் பேசினாள், தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுத்தாள். கோபித்துக் கத்தியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

நாலாவது நாள் மத்தியானம் ஏரம்பமூர்த்தி தங்கத்தைத் தேடிப் போனார். அறை வாசலில் அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தாலி இல்லை. அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"தங்கம், மூணு மாசத்துல யாரும் வரமாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கத்தி நின்றது. பிறகு மறுபடி சீவத் தொடங்கியது.

"கோவிந்தசாமிய கும்பிட வெச்சுட்டீங்களே" என்றாள்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அழுவணும்னா வீட்ல போயி அழுங்க. இங்க அழுதா நான் எந்திரிச்சுத் தண்ணி குடுக்கணும். என்னால முடியாது." கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி வேற ஒருத்தன் எழுதியிருப்பான். அது எனக்கும் தெரியும். ஆனா வேற ஒருத்தன் சொல்லியிருந்தா எம்புருசன் நம்பியிருக்கமாட்டான். போங்க" என்றாள்.

போனார். மறுநாள் அலுவலகத்தில், பெயர் கொடுக்க வந்த முதல் ஆளிடம் தலை குனிந்தபடியே, "போகாதே. திரும்பி வரமாட்டே. இருமு" என்று முணுமுணுத்தார். அந்த ஆள் இருமினான். காசநோய் என்று எழுதினார். அடுத்தவனுக்குக் காய்ச்சல், அதற்கடுத்தவனுக்குக் குடலிறக்கம். ஆறு வாரம் அப்படி ஓடியது. ஏழாவது வாரம் அதிகாரி, தள்ளப்பட்டவர்களில் நாலு பேரை வேறு வைத்தியனிடம் கொண்டுபோய்க் காட்டினான். நாலு பேருக்கும் ஒன்றுமில்லை.

அலுவலக முற்றத்தில், எல்லாரும் பார்க்க, ஏரம்பமூர்த்தியின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார்கள். அவருடைய நாற்காலியையே தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார்கள். கை தாழ்ந்தபோதெல்லாம் அறை விழுந்தது. இடது காதில் ஏதோ உடைந்து, அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை. உயிரோடு விட்டது அவர் அதிர்ஷ்டம் என்றார்கள். அவருக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரியவில்லை. அடி வாங்கியதால் ஏதோ தீர்ந்தது என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. மருதப்பனின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

வேலை போனது, மூட்டையும் நின்றது. லயத்தில் இரண்டு நாள் அண்டா காய்ந்து கிடந்தது. நல்லவனாகத் திரும்பியதற்கும் பிள்ளைகள்தான் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது என்று அவர் பாயில் படுத்துக்கொண்டு நினைத்தார்.

மூன்றாம் நாள் கமலாம்பிகை ஜப்பானியர் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு வந்தாள். அவளுக்கு அதில் விருப்பமே இல்லை. ஆனால் ஆசிரியைக்கு அரிசிப் பங்கீடு உண்டு.

"அண்ணை, எனக்கு ஒரு வருஷம் தந்தியள். அது சித்திரையோட முடிஞ்சுது. இப்ப உங்களுக்கு நான் ஒரு வருஷம் தாறன். சாப்பாடு என்ர பொறுப்பு. நீங்கள் லயத்துக்குப் போங்கோ."

அவர் அவள் முகத்தை ஆவலோடு பார்த்தார்.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. எனக்கு அது இன்னும் வரேல்லை. அங்க வேலை கிடக்கு, செய்ய ஆள் இல்லை. அதுதான்."

நாற்பத்துநாலு வயதுக் கிராணி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு லயத்துக்குப் போனார். முதல் நாள் யாரும் அவரோடு பேசவில்லை. ஒரு கிழவி காலடியில் துப்பினாள். தங்கம் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவர் தண்ணீர் தூக்கினார். கக்கூஸுக்குக் குழி வெட்டினார். லயத்துக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையைக் கொத்தி வற்றாளைக் கிழங்குக் கொடி நட்டார். கமலாம்பிகை கொண்டுவரும் பங்கீட்டு அரிசியைக் கிழங்கோடு கலந்து கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். கோவிந்தசாமியின் காலைத் தினமும் கழுவியவரும் அவர்தான். கோவிந்தசாமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் "ஐயா, கை வலிக்கப்போவுது, விடுங்க" என்றுதான் சொல்வான். தங்கத்தின் மௌனத்தைவிட அந்தப் பரிவுதான் அவரை அதிகம் வாட்டியது. அடுத்த வருஷம் மழைக் காலத்துக்குமுன் கோவிந்தசாமி காய்ச்சலில் இறந்தான். ஏரம்பமூர்த்தி அவனைப் புதைத்தார். ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்.

ஒரு வருஷம் என்றது நீண்டுகொண்டே போனது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அலுவலகத்துப் பதிவேடுகளை அதற்குள் முற்றத்தில் போட்டு எரித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு உதவி கொடுக்க விவரம் கேட்டான். யார் போனார்கள் என்பதற்கு எந்தத் தாளும் மிஞ்சவில்லை.

ஏரம்பமூர்த்தி தன் கையால் எழுதியது நூற்று நாற்பத்திரண்டு பெயர். லயத்துத் தரையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வேறு வழி அவர்களுக்கு இல்லை, அந்தப் பெயர்கள் இருந்த ஒரே இடம் அவர் மண்டைதான். தொண்ணூற்றாறு பெயர் நினைவில் வந்தது. ஒவ்வொன்றையும் பழைய வழக்கப்படி உரக்கப் படித்தார்.

"மருதப்பன், தகப்பன் பேர் மாடசாமி..."

"மாடசாமி இல்ல, மாயாண்டி" என்றாள் தங்கம், தள்ளி இருந்தபடியே. "திருத்துங்க."

திருத்தினார். ஒன்றரை வருஷத்தில் அவள் அவரிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்தப் பெயர்களோடு உதவி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் கடைசியில், இவர்களிடம் மூன்று மாத வேலை என்று தெரிந்தே பொய் சொன்னவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாங்கிக்கொண்ட அதிகாரி அந்த வரியைப் படித்தாரா என்று தெரியவில்லை. கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தார். யாரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. விசாரிப்பார்கள் என்று இரண்டு வருஷம் காத்திருந்தார்.

கமலாம்பிகை ஆசிரியையாகவே இருந்தாள். அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். எப்போது மறுபடி சோறு சாப்பிடத் தொடங்கினாள் என்று பூரணத்துக்குக்கூட நினைவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அந்த அரிசிப் பேச்சை அண்ணனும் தங்கையும் திரும்ப எடுக்கவே இல்லை.

லயத்துப் பெண்களும், போனவர்களோடு முன்பு வேலை பார்த்த துறைமுகத்து ஆட்களும் சொன்னதில் இன்னும் இருபத்து மூன்று பெயர் கிடைத்தது. மீதி இருபத்து மூன்று பேரின் முகம் அவருக்குத் தெரியும், பெயர் வரவில்லை. 1959இல் இறக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போவார். கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு, "நல்ல உயரம், எடது காதுல கடுக்கன், சயாமுக்குப் போன ஆளு. யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்பார். பதினாலு வருஷத்தில் நாலு பேருடைய பெயர் கிடைத்தது. பத்தொன்பது பேர் மிச்சம்.